டெல்பர்ட்டுக்குக் கக்குவான்

ஓட்டிலி க்ராஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. எடை இருநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. வியாழக்கிழமைதோறும் மாலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் அவள் ஒன்பது மாதக் குழந்தை.

சிகாகோவில் ஒரு கட்டடத்தின் பத்தொன்பதாவது மாடியிலிருந்து நாடு முழுவதும் போய்க்கொண்டிருந்தது ‘பிளங்கெட் குடும்பம்’ என்ற வானொலிச் சிரிப்புத் தொடர். அந்த வீட்டுக் கைக்குழந்தை டெல்பர்ட்டின் சிணுங்கல், சிரிப்பு, ஏப்பம், அழுகை எல்லாம் ஓட்டிலியின் தொண்டையிலிருந்து வந்தவை. ஒரு சின்னத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். அரங்கத்தில் முந்நூறு பேர் இலவச டிக்கெட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பெரிய பொம்பளை குழந்தையாக அழுவதைப் பார்த்தால் சிரிப்பு வேண்டாத இடத்தில் வந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு மைக்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவள் ஊர் ஊராக மேடையில் மிருகக் குரல் கொடுத்தவள். வாத்து, கடல்சிங்கம், பன்றிக்குட்டி. சினிமா வந்து அந்தக் கொட்டகைகளை விழுங்கியதும் இங்கே வந்தாள். “பன்னிக்குட்டிதான் கஷ்டம். மனுஷக்குட்டிக்கு மூளையே வேண்டாம்” என்பாள்.

பிளங்கெட் குடும்பத்தின் மேல் அவளுக்கு மரியாதை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்பாவாக நடித்த ராய்ஸ் டால்பட், வானொலியில் தொட்டில் ஆணியைச் சரிசெய்யப் போய்த் தன் கட்டைவிரலை நசுக்கிக்கொள்ளும் தங்கமான அசடு. நிஜத்தில் லிஃப்டில் ஒரு குழந்தை ஏறினால் இறங்கிக்கொள்கிறவன். மூன்றாவது மனைவியோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மாவாக நடித்த கோரின் மேடக்ஸ் வாராவாரம் ஆப்பிள் பணியாரம் சுட்டு நாட்டையே எச்சில் ஊற வைப்பாள். ஓட்டலில் குடியிருந்த அவளுக்கு அடுப்பை எந்தப் பக்கம் பற்றவைப்பது என்று தெரியாது.

இவர்களைவிட ஓட்டிலி அதிகமாக இளக்காரமாக நினைத்தது கேட்பவர்களைத்தான். டெல்பர்ட்டுக்குப் பல் முளைத்த வாரம் எண்ணூறு ஜோடி கம்பளிக் காலுறை தபாலில் வந்தது. ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்து, “இந்த நாட்டுல ஓட்டுப் போடறவங்க இவங்கதான்” என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு அக்டோபரில் கேட்பவர்கள் எண்ணிக்கை இறங்கியது. இந்தத் தொடருக்குப் படியளப்பது ஸ்னோலார்க் சோப்புத்தூள். அதன் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டவன் ப்ரென்டிஸ் ஹேல், முப்பது வயதுக்காரன், தலைமுடி எப்போதும் எண்ணெயில் பளபளக்கும். எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

“டெல்பர்ட்டுக்கு உடம்புக்கு வரணும்” என்றான். “கக்குவான் இருமல். மூணு வாரம்.”

“செத்தே போகட்டுமே” என்றான் ராய்ஸ், நகத்தைப் பார்த்தபடி. “எனக்காவது வசனம் கூடும்.”

“சாகக்கூடாது. செத்த குழந்தையோட துணியை யாரும் துவைக்க மாட்டாங்க.” ஹேல் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கையிலிருந்த தாளில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தான். “போட்டி ஒண்ணு வைக்கிறோம். ‘டெல்பர்ட்டைக் காப்பாத்துங்க’. வைத்தியம் என்னன்னு கடிதம் எழுதணும், கூடவே ரெண்டு ஸ்னோலார்க் டப்பா மூடி. முதல் பரிசு மின்சாரத் துவைக்கிற மெஷின். ஜெயிச்ச அம்மா சிகாகோ வந்து, நிகழ்ச்சியிலயே டெல்பர்ட்டைக் கையில வாங்கிக்கலாம்.”

ஓட்டிலி தொண்டையைச் செருமினாள்.

“நான் ரெடி. தூக்கறதுக்கு அந்தம்மாவால முடியுமா?”

கோரின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேல் முகத்தில் லேசாக ரத்தம் ஏறியது. அதைப் பற்றி அவன் யோசித்திருக்கவில்லை. “குழந்தைக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம்” என்றான்.

“கக்குவான்னா எப்படி இருமணும்?” என்று கேட்டாள் ஓட்டிலி. அவள் பெற்றதுமில்லை, வளர்த்ததுமில்லை.

“உங்களுக்குத் தெரியாததா? பாவமா இருமுங்க.”

அவளும் பாவமாக இருமினாள். பழைய கடல்சிங்கத்தில் பாதியை எடுத்து, நாய்க்குட்டி கொஞ்சம் கலந்து, கடைசியில் மூச்சை வெளியே விடும்போது ஒரு நீளமான முனகலை வைத்தாள். அரங்கத்தில் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததைப்போல, அறிவிப்பாளர் குரல் தழுதழுக்க, “ஒரு தாயின் கடிதம் இந்தப் பிஞ்சைக் காப்பாற்றலாம். மறந்துவிடாதீர்கள், இரண்டு டப்பா மூடி” என்றார்.

மூன்று வாரத்தில் அறுபத்திரண்டாயிரம் கடிதம். வெங்காயத்தை நசுக்கிக் காலுறைக்குள் போடு. தார் காய்ச்சும் இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோய்ப் புகையைக் காட்டு. கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று தடவை நுழைத்து எடு. ஓட்டிலி மத்தியான ரொட்டியைத் தின்றுகொண்டே இவற்றைப் படித்துச் சிரித்தாள். ஹேல் படிக்கவில்லை. மூடிகளை எண்ணுவதற்கு ஆள் போட்டிருந்தான், படிப்பதற்குப் போடவில்லை.

ஜெயித்தவளை அவன் பத்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்தான். ஆர்டிஸ் ஹௌகன், அயோவா, பண்ணை வீடு, ஏழு பிள்ளைகள், நல்ல கையெழுத்து. “பேரைக் கேட்டாலே பால் வாசனை வருது” என்றான். கடிதம் இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தை அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஆர்டிஸ் ஹௌகன் ரயிலேறி வந்து சேர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம், எலும்பு தெரியும் மணிக்கட்டு, பழுப்பு மேலங்கி. கையில் ஒரு கூடை முட்டை. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கோரினிடம் கொடுத்தாள். கோரின் அதைப் பாம்புக் கூடையைப் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய துவைக்கிற மெஷின் நின்றது. பத்திரிகைக்காரர் இருவர் படம் எடுத்தார்கள்.

“எப்படி இருக்கு மிஸஸ் ஹௌகன்?” என்றான் ஹேல்.

“அழகா இருக்கு தம்பி. எங்க வீட்டுல கரண்ட் கிடையாது.”

“கரண்ட் இல்லாம எங்க நிகழ்ச்சியை எப்படிக் கேக்கறீங்க?”

“லாரி பேட்டரியைக் கழட்டி மாட்டுவோம். வியாழக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை காலையில லாரி கிளம்பாது, எங்க வீட்டுக்காரர் கத்துவார்.”

பத்திரிகைக்காரன் ஒருவன் எழுத ஆரம்பித்தான். ஹேல் அவன் தோளில் கைபோட்டு அந்தப் பக்கம் அழைத்துப் போனான்.

குழந்தைக்கான ஏற்பாடு இதுதான்: ஹேலின் டைப்பிஸ்டுக்கு ஓர் அக்காள், அவளுக்கு ஒரு குழந்தை. கொழுகொழுவென்று, தலையில் ஒரு முடி இல்லாமல், யார் தூக்கினாலும் சிரிக்கும். நீலத் தொப்பி போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஆர்டிஸ் அதை வாங்கி இடுப்பில் வைத்தாள். வைத்த உடனே அது நனைத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் அதை மேஜையில் கிடத்தித் துணியை அவிழ்த்துவிட்டாள்.

“தம்பி” என்றாள். “இது பொண்ணு.”

“ரேடியோவுல தெரியாதும்மா” என்றான் ஹேல்.

ஆர்டிஸ் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். கோழி வாங்க வந்து எடையில் ஏமாற்றுகிற வியாபாரியைப் பார்க்கிற பார்வை. பிறகு குழந்தைக்கு மாற்றுத்துணி கட்டினாள்.

அவளுக்கான வசனத் தாளைக் கொடுத்தார்கள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். “இது நான் எழுதினதில்லையே.”

“கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.”

“ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?”

“படிக்காம இருப்போமா?”

அப்போது ஓட்டிலி தலையணையை இடுக்கிக்கொண்டு அந்த வழியே போனாள். “இவங்க யாரு?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

“தலையணை கொண்டுவர்றவங்க” என்றான் ஹேல்.

ஓட்டிலி திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஹேல் எப்போதும் அப்படித்தான், அவன் பேச்சு அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரியின் மேல்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு பொம்பளையின் தொண்டையைத் தொட்டுப் பார்க்க முட்டையோடு ரயிலேறி வந்திருக்கிறாள். இப்படியும் ஒரு ஜென்மம்.

ஏழு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆர்கன் முழங்கியது. முதல் பத்து நிமிடம் ராய்ஸ் ஆவி பிடிக்கும் பாத்திரத்தில் காலை விட்டுக்கொண்டான். அரங்கம் உருண்டு சிரித்தது. பிறகு அறிவிப்பாளர் ஆர்டிஸ் ஹௌகனைக் கூப்பிட்டார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாளைக் கையில் பிடித்து மைக் முன்னால் நின்றாள்.

“வாங்க மிஸஸ் ஹௌகன்” என்றாள் கோரின், தேன் ஒழுக. “எங்க டெல்பர்ட்டைக் காப்பாத்த வந்த தெய்வமே, என்ன செய்யணும், சொல்லுங்க.”

ஆர்டிஸ் தாளைப் பார்த்துப் படித்தாள். “கக்குவான் வந்த குழந்தையின் துணிகளை ஸ்னோலார்க் சோப்புத்தூளில் துவைத்தால்…” நிறுத்தினாள். “இதை நான் எழுதல” என்றாள்.

ராய்ஸ், “ஹஹ்ஹா, மிஸஸ் ஹௌகனுக்குக் கூச்சம்” என்றான்.

“கூச்சமெல்லாம் இல்ல. துணி துவைச்சா கக்குவான் போகாது. என்னை மாதிரி எத்தனை பேரு கேட்டுட்டிருக்காங்க, அவங்க நம்பிடுவாங்க.”

கண்ணாடி அறைக்குள் ஹேல் இரண்டு கையையும் ஆட்டினான். நிகழ்ச்சி நடத்துனர் திரையைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். சத்தமாக, இன்னும் சத்தமாக, அவள் பேச்சை மூழ்கடி என்று அர்த்தம். ஓட்டிலி தலையணையில் முகத்தைப் புதைத்து, மூன்று வாரமாக நாட்டையே அழவைத்த இருமலை இருமினாள்.

ஆர்டிஸின் இடுப்பிலிருந்த குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பிக் கெக்கெக்கென்று சிரித்தது. முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“இதுவும் தப்பு” என்றாள் ஆர்டிஸ். “ரெண்டாம் பக்கத்துல இதைத்தான் எழுதினேன். கக்குவான் இப்படி இருமாது. எங்க வீட்டுல நாலு பேருக்கு வந்துச்சு. மூணு பேரு பிழைச்சாங்க. நாலாவதுக்கு வந்தப்போ அது வெறும் சளின்னு ஒன்பது நாளு நினைச்சுட்டிருந்தேன். இருமல் எப்படியிருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. நீங்க நாடு பூராவும் தப்பா சொல்லிக் குடுத்துட்டிருக்கீங்க.”

நடத்துனரின் விரல் மறுபடி சொடுக்கியது. ஓட்டிலி இருமவில்லை.

பதினெட்டு வருஷத்தில் அவளுடைய வாத்து வாத்தைப் போல இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. வாத்தின் குரலுக்காகக் குளத்துக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டவள் அவள். பன்றிக்குட்டிக்காகத் தொழுவத்தில் படுத்தவள். இந்த இருமலுக்கு எங்கேயும் போகவில்லை. கேட்பவர்கள் முட்டாள்கள்தானே, இது போதும் என்று வைத்துவிட்டாள். முகம் சூடானது. அது வெட்கம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

எழுந்து திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் தலையணை. அரங்கம் அவளைப் பார்த்தது.

“எந்த இடத்துல தப்பு?” என்றாள். அவளுடைய சொந்தக் குரல் வானொலியில் போனது அதுதான் முதல் தடவை.

ஆர்டிஸ் அவளையும் தலையணையையும் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“நீங்கதானா. மூச்சு வெளிய போறப்போ சத்தம் வைக்கிறீங்க. அது உள்ள இழுக்கறப்போதான் வரும். முதல்ல விடாம இருமும், பத்து, பதினஞ்சு. மூச்சு விட இடமே குடுக்காது. முகம் நீலமாகும். அப்புறம் இழுக்கும் பாருங்க…”

குழந்தையைக் கோரினிடம் நீட்டினாள். கோரின் வேறு வழியில்லாமல் வாங்கினாள். ஆர்டிஸ் மைக்குக்குக் கிட்டே போய், தொடர்ச்சியாக இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்தாள். இறுகிய தொண்டை வழியாகக் காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே போகிற சத்தம். அதில் பாவமாக ஒன்றும் இல்லை. கேட்கவே பிடிக்கவில்லை.

“இன்னொரு தடவை” என்றாள் ஓட்டிலி.

ஆர்டிஸ் மறுபடி செய்தாள். ஓட்டிலி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தலையணையைக் கீழே போட்டுவிட்டு, கையை வாய்க்குமேல் குவித்து, ஒன்பது மாதக் குழந்தையின் சின்ன மார்பில் அந்தச் சத்தம் எப்படி வருமோ அப்படியே இருமினாள். முந்நூறு பேரில் ஒருவரும் அசையவில்லை. நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து, பக்கத்திலிருந்தவர்களின் முழங்காலில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

“அதேதான்” என்றாள் ஆர்டிஸ். மைக்கைப் பார்த்து, “இது கேட்டா டாக்டரைக் கூப்பிடுங்க. வாந்தியெடுத்த அப்புறம் பால் குடுங்க, முன்னாடி குடுக்காதீங்க. மத்தப் பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க” என்றாள்.

அதற்குள் ஆர்கன்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு காலாலும் மிதித்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். அறிவிப்பாளர் வெள்ளை வெளேரென்ற படுக்கை விரிப்புகளைப் பற்றிப் பேசினார்.

ஹேலுக்குப் பேயறைந்த முகம். யாரிடம் கத்துவது என்று தெரியாமல் டைப்பிஸ்டிடம் கத்தினான். ராய்ஸ் தான் இழந்த வசனங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் முட்டைக் கூடையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு, “கூடை வேணும், முட்டையை எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். ஓட்டிலி அவளோடு லிஃப்ட் வரைக்கும் நடந்தாள்.

“செத்துப்போனது எத்தனை மாசத்துக் குழந்தை?” என்று கேட்டாள்.

“பதினொண்ணு” என்றாள் ஆர்டிஸ். லிஃப்ட் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சோப்புக் கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று ஹேல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். திங்கட்கிழமை மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால், ஒருவரும் ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்த அம்மாள் பிளங்கெட்டுக்கு என்ன உறவு? அத்தையா? இத்தனை நாள் ஏன் ஒளித்து வைத்திருந்தார்கள், குடிப்பழக்கமா? பக்கத்துவீட்டுப் பண்ணைக்காரி அடுத்த வாரமும் வருவாளா? டெல்பர்ட்டுக்கு இப்போது தேவலையா? இவை எல்லாவற்றிலும் மூடி இருந்தது. கேட்பவர்கள் எண்ணிக்கை ஏறிவிட்டது. சோப்புக் கம்பெனியின் கிழவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அருமையான யோசனை என்றார். ஹேல் நாலு நாள் யோசித்துச் செய்தது என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டான்.

ஓட்டிலியை அழைத்தான். “இனிமே உங்க பேரு டில்லி அத்தை. குண்டு அத்தை. வாரம் ஒரு தடவை நாற்காலி உடையும்.”

“டெல்பர்ட்?”

“இந்த வாரம் பிழைச்சுடறான். ஸ்னோலார்க்ல துவைச்ச போர்வை.”

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வந்தாள். மேடைக் கொட்டகைகள் எல்லாம் சினிமாக் கொட்டகைகளாகிவிட்ட நாட்டில், ஐம்பத்து மூன்று வயதில், அவளுடைய வாத்துக்கு யார் இருக்கிறார்கள்? சரி என்றாள். சொன்னதும் ராய்ஸையும் கோரினையும் பார்த்து எத்தனை வருஷம் மூக்கைச் சுளித்தாளோ, அந்தச் சுளிப்பு இப்போது அவள் பக்கமே திரும்பிக்கொண்டது.

போகும்போது ஹேலின் மேஜை ஓரத்தில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் காகிதக் கட்டைப் பார்த்தாள். “அது என்ன?”

“அதுல மூடி இல்ல” என்றான் ஹேல்.

இருபத்து மூன்று கடிதம். நெப்ராஸ்காவிலிருந்து ஒருத்தி, வானொலியில் அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்றே பிள்ளையை வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனதாக எழுதியிருந்தாள். அப்படித்தான் பல. ஓட்டிலி நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், அயோவாவுக்குத் தபாலில் அனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பதில் வந்தது. நிகழ்ச்சிக்கு முன்னால், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தாள். ஆர்டிஸ் சுருக்கமாக எழுதியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மோலைனிலிருந்து எழுதியவளுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. அவள் குழந்தை முந்தின வாரமே போய்விட்டதாம். நிகழ்ச்சி ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள். விலாசம் கீழே.

ஓட்டிலி பென்சிலை எடுத்து, வசனத் தாளின் பின்பக்கத்தில் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினாள். மூன்று வாரம் அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். கடல்சிங்கத்தைக் கேட்டு, தன் பிள்ளைக்கு இருப்பது இதில்லை என்று நிம்மதியாகக்கூடத் தூங்கியிருப்பாள்.

“அத்தை, மைக்” என்று கூப்பிட்டார்கள். அரங்கத்தில் ஜனங்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் டில்லி அத்தை பரண் ஏணியிலிருந்து விழ வேண்டும். ஓட்டிலி தாளைத் திருப்பி வசனப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.